ஏரிக்கதவு வழியாக

மணி முதல் தடவை அடித்தபோது பெண்கள் எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டு சோற்றுத் தூக்கை எடுக்கப் போனார்கள். சாப்பாட்டு மணிக்கும் அபாய மணிக்கும் ஒரே சத்தம். இயந்திர அறைச் சுவரில் சிவப்பு விளக்கு எரிந்ததையும், அதன் கீழே ஆங்கிலத்தில் எதுவோ எழுதியிருந்ததையும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றைக்கு என்ன இவ்வளவு சீக்கிரம் என்று மட்டும் ஒருத்தி கேட்டாளாம்.

அன்று ஒரு வால்வு லேசாகக் கசிந்ததோடு போயிற்று. ஃபிட்டர் ஓடிவந்து அதை முறுக்கி அடைத்துவிட்டான். வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த சிலருக்குக் கண் எரிந்தது, மூக்கில் ஊசி குத்துவதுபோல இருந்தது. தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டு மறுபடியும் இறால் தலையைக் கிள்ள உட்கார்ந்துவிட்டார்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. இறாலுக்கு வந்த விலையைப் பார்த்து, மீஞ்சூரில் அரிசி ஆலை வைத்திருந்த செங்கல்வராயன் பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஐஸ் ஆலையும் அதை ஒட்டி இறால் உரிக்கும் கொட்டகையும் கட்டியிருந்தார். சுற்றுக் குப்பங்களிலிருந்து பெண்கள் வேலைக்கு வந்தார்கள். ஆண்கள் வலையில் பிடித்து வருவதைப் பெண்கள் இங்கே உரித்தார்கள். ஒரே வீட்டுக்கு இரண்டு பக்கமும் கூலி வந்தது. ஐஸ் கட்ட அமோனியா வேண்டும். பெண்கள் அதைக் கேஸ் என்பார்கள். அது குழாய்க்குள் ஓடுகிற வரைக்கும் யாருக்கும் தொந்தரவில்லை.

கொட்டகையில் ஆள் கணக்கு எழுதியவள் உம்மு ஹானி. பஜாரில் சின்னதாக நூல்கடை வைத்திருந்த மக்பூலின் மகள். பாட்டன் பூட்டன் கப்பல் விட்டவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பம். அந்த வீட்டுப் பெண் இறால் நாற்றத்துக்குள் போய் உட்காருவதா என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். பத்தாவது தேறியவளை நூல்கடையில் நூல் சுற்ற வைப்பதற்குப் பதில் இது தேவலை என்று மக்பூல் சொல்லிவிட்டார். அவள் போட்டுவந்த வெள்ளைத் துப்பட்டி சாயங்காலத்துக்குள் நீர்க்காவி ஏறிவிடும். அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. உரிக்கும் பெண்கள் அவளை ஹானிக்கா என்றார்கள், அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட.

ஆலைக்கு இயந்திரம் பொருத்திக் கொடுத்தவர் கேசவன் என்ற எஞ்சினியர். மெட்ராஸிலிருந்து மாதம் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போவார். மணி அடித்தும் யாரும் வெளியே வரவில்லை, தூக்கை எடுக்கப் போனார்கள் என்று கேள்விப்பட்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. அடுத்த வருகையில் ஒரு பலகை எழுதி மாட்டுவதற்கு வாசகம் தயாரித்துக் கொண்டுவந்தார். நல்ல தமிழில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்: அபாய ஒலி எழும்பும் வேளையில் தொழிலாளர்கள் பதற்றமின்றி உரிய நடவடிக்கை மேற்கொள்ள வேண்டும்.

உம்மு ஹானி அதை இரண்டு தரம் படித்தாள்.

"உரிய நடவடிக்கைன்னா இன்னா சார்?" என்று கேட்டாள்.

கேசவன் யோசித்தார். வெளியே போவதுதான் என்றார். அப்படியென்றால் வெளியே போ என்றே எழுதிவிடலாமே என்றாள் அவள். எந்த வழியாக என்று கேசவனே அடுத்த கேள்வியைக் கேட்டார். கொட்டகைக்கு இரண்டு வழி. வடக்கே முன்வாசல், அதற்குப் போக இயந்திர அறையை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். தெற்கே ஏரியைப் பார்த்த கதவு. பகலெல்லாம் திறந்தே கிடக்கும், கழிவுத் தண்ணீரும் இறால் தோலும் அந்த வழியாகத்தான் வெளியே போகும். கேஸ் கிளம்பினால் இயந்திர அறையில்தான் கிளம்பும். ஆகவே தெற்குக் கதவுதான் தப்பிக்கிற வழி. இதைச் சொல்லி முடித்ததும் கேசவன் தான் எழுதிவந்ததைத் தானே அடித்தார். மனிதர் மோசமானவர் இல்லை. அவருக்கு இந்த வேலை பிடித்தும்போனது. அன்று மாலை பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்து எழுதினார்.

எழுதியதைப் பெண்களிடம் சொல்லிப் பார்த்தார்கள். தெற்குக் கதவு என்றால் பாதிப் பேர் விழித்தார்கள். அதை எல்லோரும் ஏரிக்கதவு என்றே சொல்வார்கள். துணியால் மூக்கைப் பொத்து என்றால் எந்தத் துணி என்று கேட்டார்கள். முந்தானை என்று மாற்றினார்கள். கையில் இறாலோடு ஒருத்தி எழுந்து ஓடிக் காட்டினாள். தட்டைப் போட்டால் சூப்பர்வைசர் திட்டுவான் என்றாள். அதற்காக ஒரு வரி சேர்ந்தது. படிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம்பேர்தான் என்பதால் வாயால் சொல்ல வருகிற மாதிரி அமைய வேண்டும் என்று உம்மு ஹானி பிடிவாதம் பிடித்தாள். கடைசியில் நின்றது இதுதான்:

கையில் இருப்பதைப் போடு. முந்தானையை நனைத்து மூக்கை மூடு. ஏரிக்கதவு வழியாக வெளியே போ.

சாப்பாட்டு மணியை மாற்றி, ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டார்கள். இனி மணி என்றால் ஒரே அர்த்தம்தான்.

செங்கல்வராயனுக்கு இதெல்லாம் அநாவசியம். அபாயம் கிபாயம் என்று எழுதி மாட்டினால் பெண்கள் வேலைக்கு வருவார்களா என்று கேட்டார். ஆனால் தொழிற்சாலை ஆய்வுக்கு அதிகாரி வரப்போவதாகப் பேச்சு இருந்தது. அவர் பார்வையில் படுகிற மாதிரி ஒரு பலகை இருந்தால் நல்லது என்று கேசவன் சொன்னதும் சம்மதித்தார். நீலத்தில் வெள்ளை எழுத்து. உம்மு ஹானி பக்கத்திலேயே நின்று பெயின்டரிடம் எழுத்தின் அளவைக்கூடச் சொல்லி வாங்கினாள்.

பலகை மாட்டியதோடு அவள் விடவில்லை. வேலை தொடங்கும் முன் அந்த மூன்று வரியையும் எல்லோரையும் சொல்ல வைத்தாள். முதலில் சிரித்தார்கள். பிறகு அது அவர்களுக்கே விளையாட்டாகிவிட்டது. கணவன் குடித்துவிட்டு வந்தால் என்ன செய்வாய் என்று ஒருத்தி கேட்பாள். கையில் இருப்பதைப் போடு என்று எல்லோரும் சேர்ந்து பதில் சொல்வார்கள். அவர்களில் திரௌபதிக்குத்தான் குரல் பெரிது. குப்பத்திலிருந்து வருகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வருவாள். புதிதாகச் சேருகிறவளை ஏரிக்கதவு வரை கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போய், இதுதான், இந்த வாசல்படி கொஞ்சம் உயரம், தடுக்கி விழாதே என்று காட்டுவாள். ஒரு நாள் கேசவன் முன்னறிவிப்பு இல்லாமல் மணியை அடித்துப் பார்த்தார். தட்டுகள் தரையில் விழுந்தன, முந்தானைகள் ஐஸ் தொட்டியில் நனைந்தன, ஒருத்தியை ஒருத்தி தள்ளாமல் எல்லோரும் ஏரிக்கரையில் போய் நின்றார்கள். கேசவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றைக்கு உம்மு ஹானிக்கும் அப்படித்தான். வீட்டுக்குப் போய் வாப்பாவிடம் சொன்னாள்.

இது நடந்து ஒரு மழைக்காலம் போனது. பெரிய ரக இறால் திருட்டுப் போகிறது என்று செங்கல்வராயனுக்குச் சந்தேகம் வந்தது. போனதும் உண்மைதான். இறால் தோலைக் கொட்டுகிற கூடைக்கு அடியில் நல்ல இறாலை வைத்து ஏரிக்கதவு வழியாக யாரோ தோணிக்குக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். யார் என்று கண்டுபிடிப்பதைவிடக் கதவைப் பூட்டுவது சுலபமாக இருந்தது. வெளிப்பக்கம் கொண்டி அடித்துப் பெரிய பூட்டாகப் போட்டார்கள். சாவி முன்வாசல் காவல்காரர் பச்சைமுத்துவிடம் இருக்கும். கழிவை வெளியேற்றுகிறபோது அவர் சுற்றிவந்து திறந்துவிட்டு மறுபடி பூட்டுவார்.

உம்மு ஹானி முதலாளியைப் போய்ப் பார்த்தாள். பலகை என்ன சொல்கிறது என்று அவருக்கு நினைவுபடுத்தினாள். அவர் கோபப்படவில்லை. ஒரு மாதத்துக்குத்தான், திருடன் அகப்பட்டதும் எடுத்துவிடலாம், அவசரம் என்றால் பச்சைமுத்து ஓடிப்போய்த் திறக்க மாட்டாரா என்றார்.

"அதுக்குள்ள மணி அடிச்சா எந்தப் பக்கம் ஓடச் சொல்றது மொதலாளி?"

"மணி அடிக்காம பாத்துக்கச் சொல்லி ஃபிட்டர்கிட்ட சொல்லிட்டேன்மா. நீ போ."

அப்படியானால் பலகையில் மூன்றாவது வரியை அழித்துவிடுகிறேன் என்றாள். அது கூடாது என்று சொல்லிவிட்டார். பலகை அப்படியே இருக்க வேண்டும், அதிகாரி எந்த நாளும் வரலாம். அவள் ஒரு காகிதத்தில் ஏரிக்கதவு பூட்டியிருக்கிறது, முன்வாசல் வழியாகப் போ என்று எழுதிப் பலகையின் மேல் ஒட்டினாள். சூப்பர்வைசர் அதைக் கிழித்துப்போட்டான். தபால் ஆபீசுக்குப் போய்க் கேசவனுக்கு டிரங்கால் போட்டாள். இரைச்சலுக்கு நடுவே அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, இது பெரிய தப்பு, நான் வந்து பேசுகிறேன், நேரில்தான் பேச வேண்டும் என்றார். அந்த மாதம் அவருக்கு வேறு இடத்தில் வேலை வந்துவிட்டது.

அவள் பெண்களிடம் வாயால் சொன்னாள். ஒவ்வொருத்தியிடமும் சொன்னாள். இனி மணி அடித்தால் ஏரிக்கதவு கிடையாது, முன்வாசல், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். எல்லோரும் தலையாட்டினார்கள். திரௌபதி மட்டும் கேட்டாள்.

"அந்தப் பக்கம் போனா கேஸு மூஞ்சிலயே அடிக்கும்னு நீதான்கா சொன்ன?"

"ஆமா."

"இப்ப போலாம்ன்ற?"

பூட்டை எடுக்கிற வரைக்கும்தான் என்றாள் உம்மு ஹானி. திரௌபதி, சரிக்கா என்று வேலைக்குத் திரும்பிவிட்டாள். அடுத்த நாள் காலையில் பழக்கம்போல மூன்று வரியையும் சொன்னார்கள். மூன்றாவது வரியை மாற்றிச் சொல்லச் சொன்னாள் உம்மு ஹானி. சிலர் மாற்றிச் சொன்னார்கள். சிலர் வாய் பழைய வரியைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டது. புது வரி நாக்கில் உட்காரவில்லை. அதற்குப் பிறகு அவள் சொல்ல வைப்பதையே நிறுத்திவிட்டாள்.

கார்த்திகை மாதம். வாடைக்காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. காலை வேலை பாதி நடந்திருந்தபோது இயந்திர அறையில் குழாய் வெடித்தது. உம்மு ஹானி முன்வாசலை ஒட்டிய கணக்கு அறையில் இருந்தாள். முதலில் பட்டாசுபோல ஒரு சத்தம், பிறகு மணி. வெள்ளைப் புகை இயந்திர அறைக் கதவிலிருந்து பொங்கி வந்தது. வாடை அதை அப்படியே கொட்டகைக்குள் தள்ளிக்கொண்டு போனது.

சேர்ந்து சில நாளே ஆன பெண்கள் அலறிக்கொண்டு, வந்த வழியாக, முன்வாசல் பக்கம் ஓடிவந்தார்கள். அவர்களுக்கு எதுவும் மனப்பாடம் ஆகியிருக்கவில்லை. புகைக்குள் புகுந்து, விழுந்து, எழுந்து, கண்ணைத் திறக்க முடியாமல் தெருவில் வந்து விழுந்தார்கள். அவர்களில் ஒருத்தி மணியம்மாள், திரௌபதியின் தங்கை. மற்றவர்கள் வரவில்லை. உம்மு ஹானி துப்பட்டியை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தாள். புகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தட்டுகள் தரையில் விழும் சத்தம் வரிசையாகக் கேட்டது. சத்தம் எந்தத் திசையில் நகர்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. முன்வாசல், முன்வாசல் என்று கத்தினாள். மணியின் சத்தத்தில் அது எடுபடவில்லை.

பச்சைமுத்துவைத் தேடினாள். முதலாளிக்கு வந்த பார்சலை எடுத்துவரத் திருப்பாலைவனத்துக்கு அனுப்பியிருந்தார்கள். சாவி அவர் இடுப்பில் போயிருந்தது. அவள் சுவரைச் சுற்றிக்கொண்டு முள்ளிலும் சேற்றிலும் ஏரிப்பக்கம் ஓடினாள். கதவுக்கு உள்ளிருந்து அடிக்கிற சத்தம் கேட்டது. முதலில் நிறையக் கைகள் அடித்தன, அப்புறம் குறைந்தது. கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த வேணுவும் இன்னும் சிலரும் தோணி நங்கூரத்தைத் தூக்கிவந்து கொண்டியில் அடித்தார்கள். கொண்டி நல்ல கொண்டி. பெயர்ந்து வர நேரமாயிற்று.

கதவு திறந்தபோது எல்லோரும் முந்தானையை நனைத்து மூக்கோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வெளியே இழுத்துப் போட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் இருமினார்கள். கதவை ஒட்டி அடியில் கிடந்தவள் திரௌபதி. அவள்தான் முதலில் வந்திருக்க வேண்டும். அவளும் இன்னும் மூன்று பேரும் இருமவில்லை. பொன்னியம்மாள் என்பவளுக்கு இரண்டு கண்ணும் போயிற்று.

விசாரணைக்கு அதிகாரி வருவதற்குள் கொண்டி கழற்றப்பட்டு, துளைகளில் மக்கு அடைத்துப் பெயின்ட் அடித்திருந்தார்கள். கதவு உள்பக்கம் தாழ் மட்டும்தான் போட்டிருந்தது, பதற்றத்தில் பெண்கள் தாழைத் தேடத் தெரியாமல் முட்டிக்கொண்டார்கள் என்று பச்சைமுத்து சொன்னார். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நங்கூரத்தால் உடைத்த வேணுவைக் கேட்கலாம் என்றாள் உம்மு ஹானி. வேணு, அவசரத்தில் எதை உடைத்தோம் என்று தெரியாது என்று சொல்லிவிட்டான். அவன் பிடிக்கிற இறாலை வாங்க வேறு ஆள் கிடையாது.

அதிகாரி பலகையின் முன் நீண்ட நேரம் நின்றார். அதைப் போட்டோ எடுக்கச் சொன்னார். இதை யார் எழுதியது என்று கேட்டார். கேசவன் சாரும் நானும் என்றாள் உம்மு ஹானி.

"ரொம்பத் தெளிவா இருக்கும்மா. நான் எத்தனையோ ஆலை பாத்திருக்கேன், எங்கயும் இப்படி எழுதினதில்ல," என்றார். உண்மையாகவே சொன்னார்.

கதவு வெளியே பூட்டியிருந்தது என்றாள் அவள். அவர் குறித்துக்கொண்டார். பூட்டியிருந்தால் பலகையை ஏன் மாற்றவில்லை என்று கேட்டார். மாற்றக் கூடாது என்று சொன்னார்கள் என்றாள். யார் சொன்னது என்று கேட்டதற்கு, பக்கத்தில் நின்ற செங்கல்வராயனைக் காட்டினாள். இந்தப் பிள்ளை அதிர்ச்சியில் இருக்கிறது என்று செங்கல்வராயன் மெதுவாகச் சொன்னார். கேசவன் ஒரு வாரம் கழித்துத் தன் வாக்குமூலத்தை எழுதி அனுப்பியிருந்தார். எச்சரிக்கை முறையில் குறையில்லை, பயிற்சியும் திருப்திகரம், கதவு பூட்டியிருந்ததா இல்லையா என்பது தனக்கு நேரடியாகத் தெரியாது. அதில் பொய் எதுவும் இல்லை. டிரங்காலைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

முடிவு வந்தது. நிர்வாகம் எளிய தமிழில் தெளிவான அறிவிப்பு செய்திருந்தது. தொழிலாளர்கள் அதை அறிந்தும் இருந்தார்கள். உயிரிழப்புக்குக் காரணம் பதற்றம். உம்மு ஹானி கூடவே நின்று எழுத வைத்த ஒவ்வொரு எழுத்தும் முதலாளிக்குச் சாட்சியாக நின்றது.

அவள் வேலையை விட்டாள். விட்டாள் என்று அவள் சொன்னாள், நிறுத்திவிட்டோம் என்று அவர்கள் சொன்னார்கள். இதற்குத்தான் அன்றைக்கே வேண்டாம் என்றோம் என்று சொந்தக்காரர்கள் சொன்னதை மக்பூல் காதில் போட்டுக்கொள்ளாமல் நூல்கடையில் அவளுக்கு ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். அவள் நூல் சுற்றினாள். அடுத்த வருஷமே செங்கல்வராயன் மீஞ்சூரில் இரண்டாவது ஐஸ் ஆலை திறந்தார். அதிகாரி பாராட்டிய வாசகம் என்பதால் அதையே தகரத்தில் அச்சடித்து அங்கேயும் மாட்டியிருந்தார்கள். கடைக்குச் சரக்கெடுக்க ரயில் ஏறப் போனவள், ரோட்டிலிருந்தே அதைப் பார்த்தாள். ஏரிக்கதவு வழியாக வெளியே போ. மீஞ்சூரில் ஏரியைப் பார்க்கக் கதவு எங்கே இருக்கிறது? ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்த ஆளிடம் கேட்டாள். தெரியாது, வந்த நாளிலிருந்து அப்படித்தான் இருக்கிறது என்றான் அவன். வெளியே போகிற வழி எது என்று கேட்டதற்கு, தான் நின்ற வாசலையே காட்டினான். ஒரே வாசல். மணி அடித்தால் நிற்காமல் இந்த வழியாக ஓடிவிடு என்று அவனிடம் சொன்னாள். அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அவள் ஸ்டேஷனைப் பார்த்து நடந்தாள். சொல்லிக் கொடுக்கிற ஆசை அவளுக்குப் போய்விட்டிருந்தது.

திரௌபதி வீட்டுப் பக்கம் அவள் போகவே இல்லை. போக வேண்டும் என்று கிளம்பிப் பாதியில் திரும்பியதுண்டு. அந்தக் குடும்பத்தில் யாரும் அவளைக் குற்றம் சொன்னதாகக் காதில் விழவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஒரு நாள் பஜாரில் மணியம்மாள் மீன்கூடையோடு கடைமுன் நின்றாள். இடது கண்ணில் பூ விழுந்திருந்தது. வெள்ளை நூல் ஒரு கண்டு கேட்டாள். அக்கா குழந்தைகள் இப்போது தன்னிடம்தான் இருக்கிறார்கள், பெரியவளுக்குப் பாவாடை தைக்க வேண்டும் என்றாள். உம்மு ஹானி நூலைச் சுற்றிக் கொடுத்தாள். காசு வேண்டாம் என்றாள். மணியம்மாள் வைத்துவிட்டுத்தான் நூலை எடுத்தாள். அதை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எங்கக்காவுக்கு நீ சொல்லிக் குடுத்தது அப்படியே மனசுல ஏறிடுச்சிக்கா. எனக்குத்தான் ஏறல. எத்தினி வாட்டி சொல்லிக் குடுத்தா, தெரியுமா? மக்கு, மக்குன்னு திட்டுவா." அவள் குரலில் கோபம் இல்லை. நடந்ததைச் சொல்லும் குரல்தான். "அதான் நான் இருக்கறேன்."

உம்மு ஹானி வாயைத் திறந்தாள். கதவு பூட்டியிருந்ததையும், காகிதம் ஒட்டியதையும், டிரங்கால் போட்டதையும், ஒவ்வொருத்தியிடமும் மாற்றிச் சொன்னதையும் சொல்லலாம். எல்லாம் உண்மைதான். அவள் காசை எடுத்துப் பெட்டியில் போட்டாள்.

மணியம்மாள் முந்தானையைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, கூடைக்கு ஒரு கை கொடுக்கச் சொன்னாள். உம்மு ஹானி கடையை விட்டு இறங்கிவந்து தூக்கிவிட்டாள். கூடை கனமாக இருந்தது. மணியம்மாள் ஒரு பக்கமாகத் தலையைத் திருப்பி, நல்ல கண்ணால் வழியைப் பார்த்துக்கொண்டு, கூட்டத்துக்குள் நடந்து போனாள்.